நீங்கள் எவடம்?
நுழைவுச்சீட்டும் முகவரியும் பற்றிச் சில கேள்விகள்

1

விளையாட்டைப் பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதுவது குறைவு. எழுதினாலும் அது ஒரு நினைவஞ்சலிக் குறிப்பாகவோ, பழைய மாணவர் மலர் ஒன்றுக்கான வாழ்த்துரையாகவோ முடிந்துவிடும். கவிதைக்கும் தேசிய இனப் பிரச்சினைக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் நாம், ஒவ்வொரு கிழமையும் பல்லாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ்க் கூடி 'நாங்கள்' என்றும் 'அவங்கள்' என்றும் கத்துகின்ற ஓர் இடத்தைக் கவனியாது விடுவது விசித்திரமானது. 'நாங்கள்' என்ற சொல் எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது, அதற்குள் யார் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள், யார் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் விளையாட்டரங்கின் நுழைவாயில் நல்லதொரு பாடசாலை.

2023 மே மாதம் நடந்த ஒரு விடயத்திலிருந்து தொடங்கலாம். 2004க்குப் பின்னர் முதல் தடவையாக ரொறன்ரோ மேபிள் லீஃப்ஸ் அணி ஸ்ரான்லி கிண்ணத்துக்கான ஆட்டங்களில் ஒரு சுற்றை வென்று அடுத்த சுற்றுக்குப் போயிருந்தது. எதிரணி புளோரிடா பந்தர்ஸ். புளோரிடாவில் சன்றைஸ் என்ற ஊரில் நடக்கவிருந்த ஆட்டங்களுக்கான ரிக்கற் விற்பனையில் ஓர் அறிவித்தல் சேர்க்கப்பட்டிருந்தது. விற்பனை ஐக்கிய அமெரிக்காவில் வசிப்போருக்கு மட்டும். வசிப்பிடம் கடனட்டையின் பட்டியல் போகும் முகவரியைக் கொண்டு தீர்மானிக்கப்படும். வெளிநாட்டு முகவரியிலிருந்து வரும் கொள்வனவுகள் முன்னறிவித்தலின்றி இரத்துச் செய்யப்பட்டுப் பணம் திருப்பி அனுப்பப்படும். இவ்வளவுதான்.

இந்த அறிவித்தலில் வசைச்சொல் எதுவுமில்லை. 'ரொறன்ரோ' என்ற பெயர்கூட இல்லை. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது இரண்டு நாட்டிலும் எல்லோருக்கும் விளங்கியது. இந்த நகரத்தில் ஒரே கொதிப்பு. தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் நாங்கள் வழக்கமாகப் பேசுவது ஓவர்ரைம் பற்றியும் முழங்கால் நோவு பற்றியுமே. அந்தக் கிழமை கயானாக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் பஞ்சாபியரும் எம்மவரும் ஒரே குரலில் புளோரிடாவைத் திட்டினார்கள். "எங்களை உள்ளே விடாமல் விளையாடப் பார்க்கிறாங்கள்" என்றார்கள். ஹொக்கி மட்டையைக் கையால் தொட்டறியாத எம்மை ஒன்றாக்கி 'எங்களை' என்று சொல்ல வைத்தது ஒரு வாசல் தடை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஒக்ரோபரில், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி நியூயோர்க் யாங்கீஸ் அணியைச் சந்திக்கவிருந்தபோது, ரொறன்ரோவில் நடக்கும் ஆட்டங்களுக்கான ரிக்கற்றுகள் கனடாவில் வசிப்போருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. இங்கும் அளவுகோல் கடனட்டை முகவரிதான். கிட்டத்தட்ட அதே வாசகம், நாட்டின் பெயர் மட்டும் மாறியிருந்தது. இரண்டரை வருடங்கள்கூட ஆகவில்லை. அதே சாப்பாட்டு அறையில், அதே ஆட்கள், "சரியான வேலை" என்றார்கள்.

அவர்களை நான் பரிகசிக்கவில்லை. தடையின் வெளியே நிற்கும்போது அநியாயமாகத் தெரிவது உள்ளே நிற்கும்போது ஒழுங்காகத் தெரிகிறது. தேசியவாதம் பற்றி நாம் படித்த தடித்த புத்தகங்கள் பலவும் இந்த ஒரு வரியின் விரிவுரைகளே. எனவே இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடாமல் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2

இது புளோரிடாவின் கண்டுபிடிப்பல்ல. 2006இல் அவுஸ்திரேலியக் கிரிக்கெற் நிர்வாகம், இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடருக்கு இங்கிலாந்துக்காரர் வந்து அரங்கை நிரப்பிவிடுவார்கள் என்று அஞ்சி, உள்ளூரவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து முதலில் ரிக்கற் வாங்க ஓர் ஏற்பாட்டைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் 'அவுஸ்திரேலியக் கிரிக்கெற் குடும்பம்'. பெயரைக் கவனிக்க வேண்டும். வெளியே நிறுத்த விரும்பும் எவரும் முதலில் செய்வது உள்ளே இருப்பவர்களைக் குடும்பம் என்று அழைப்பதுதான்.

2013இல் நாஷ்வில் நகர ஹொக்கி அணி சிக்காகோ ஆதரவாளர்களின் சிவப்புச் சட்டைகளைத் தடுக்க வேறொரு வழி கண்டது. சிக்காகோவுடனான ஆட்டத்துக்குத் தனி ரிக்கற் வேண்டுமானால் இன்னோர் ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும். 2015இல் ரம்பா அணி சிக்காகோவை எதிர்கொண்டபோது விற்பனையைப் புளோரிடா முகவரிகளுக்கு மட்டுப்படுத்தியதோடு, அரங்கின் விலைகூடிய சில பகுதிகளில் எதிரணிச் சட்டையோடு இருக்கக்கூடாது என்றும் விதித்தது.

மிகவும் சுவையானது சியாற்றில் நகரத்தின் உதாரணம். 2014 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ அணியுடனான அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிக்கட்ட ஆட்டத்துக்கு ஆறு அமெரிக்க மாநிலங்களுக்கும் இரண்டு கனேடிய மாகாணங்களுக்கும் மட்டும் ரிக்கற் விற்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா உள்ளே, அல்பேர்ட்டா உள்ளே, பசிபிக் கடல் தாண்டி ஹவாய்த்தீவு உள்ளே. அதே நாட்டில், ஒரேயொரு மாநிலம் தள்ளியிருக்கும் கலிபோர்னியா வெளியே. ஆக இந்த 'உள்ளூர்' என்பது நாடுமல்ல, மொழியுமல்ல, தூரமுமல்ல. கழகத்தின் விற்பனைப் பிரிவு வரைந்த ஒரு வரைபடம். சான்பிரான்சிஸ்கோ அணியின் ஆதரவாளர் ஒருவர் இதனை எதிர்த்து ஐந்து கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அது ஆச்சரியமானதல்ல. ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவையை எடுத்துப் பார்த்தாலும் இனம், நிறம், பூர்வீகம், மதம், குடியுரிமை என்று பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. வசிக்கும் இடம் அவற்றில் இல்லை. நீ யார் என்று கேட்டு வாசலை மூடினால் குற்றம். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டு மூடினால் வியாபாரம்.

3

எமக்கு இது விளங்காத விடயமா? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் "நீங்கள் எவடம்?" என்ற கேள்வி தெரியும். சாதியை நேரே கேட்பது நாகரிகமில்லை என்று கருதிய ஒரு சமூகம் கண்டுபிடித்த கேள்வி அது. ஊரைச் சொன்னால் போதாது. "ஊரிலை எவடம்?" கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, சந்திக்கு இங்காலையா அங்காலையா, குளத்தடியா. மூன்றாவது பதிலில் கேட்பவருக்கு வேண்டிய விபரம் கிடைத்துவிடும். அதன் பிறகு செம்பில் தண்ணீரா சிரட்டையில் தண்ணீரா, திண்ணையா முற்றமா என்பதெல்லாம் தானாகவே தீர்மானமாகும். கேட்டவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் முகவரியைத்தானே கேட்டார்!

கடனட்டையின் முகவரியைக் கேட்பதும் இதே தொழில்நுட்பம்தான். அடையாளத்தை நேரே கேளாமல் அதற்குப் பதிலியாக இடத்தைக் கேட்பது. பதிலியாக ஒன்றை வைத்து ஆட்களை அளக்கும் எல்லா முறைகளையும் போல இதுவும் அளக்க நினைத்ததை அளப்பதில்லை. ரொறன்ரோவில் வாழும் பந்தர்ஸ் ஆதரவாளன் தடுக்கப்படுகிறான். குளிர்காலத்தைப் புளோரிடாவில் கழிக்கும், அங்கே வீடும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் லீஃப்ஸ் ஆதரவாளர் தாராளமாக உள்ளே போகிறார்.

கொழும்பில் இதே பதிலி எமக்கு எப்படி வேலை செய்தது என்பதை நினைவுபடுத்தத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்களிடம் சொல்லப்பட்டது நீங்கள் தமிழர் என்பதல்ல. கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் உங்களிடம் இல்லை, உங்கள் ஊருக்குப் போங்கள் என்பதே. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. ஒரு ஹொக்கி ஆட்டத்து ரிக்கற்றையும் விடுதியிலிருந்து நித்திரையோடு இழுத்து ஏற்றப்பட்டவர்களின் அவலத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அப்படி வைப்பது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் கத்தி பெரிதோ சிறிதோ, கருவி ஒன்றுதான்.

4

இனி இந்தத் தடை உண்மையில் யாரைத் தடுக்கிறது என்று பார்க்கலாம். இங்குதான் நமது நண்பர்களின் பண்பாட்டு ஆய்வுகள் வழக்கமாகக் கைவிடும் வர்க்கம் என்ற பழைய சொல் தேவைப்படுகிறது.

கட்டுப்பாடு விதிக்கப்படுவது முதல் விற்பனைக்கு. வாங்கியவர் திருப்பி விற்கும் மறுவிற்பனைச் சந்தை பெருமளவுக்குத் திறந்தே கிடக்கிறது. அங்கே யாரும் "எவடம்?" என்று கேட்பதில்லை, "எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். ரிக்கற்மாஸ்ரர் போன்ற நிறுவனம் முதல் விற்பனையிலும் கட்டணம் எடுக்கிறது, மறுவிற்பனையிலும் எடுக்கிறது. அந்த மே மாதத்தில் சன்றைஸ் அரங்கில் நீலச் சட்டைகள் இல்லாமற் போகவில்லை. விமானச் செலவும் விடுதிச் செலவும் மறுவிற்பனை விலையும் கொடுக்கக்கூடியவர்கள் போனார்கள், கத்தினார்கள். நாலாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் வென்றதையும் கண்டார்கள். தடுக்கப்பட்டவர்கள், முதல் விற்பனையில் முகவிலைக்கு ஒன்று கிடைத்தாற்தான் போகலாம் என்றிருந்தவர்கள்.

அவர்கள் ஏன் வேறு நாட்டு அரங்குக்குப் போக நினைக்கிறார்கள்? சொந்த நகரத்தின் அரங்கிலும் அவர்களுக்கு இடமில்லை என்பதால். லீஃப்ஸ் அணியின் ஆசனங்களில் பெரும்பகுதி பருவகாலச் சீட்டு வைத்திருப்போரிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறது. வாடிக்கையாளரை மகிழ்விக்க வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் வைத்திருக்கும் இருக்கைகள் அவை. என்னோடு வேலை செய்யும் கயானா நண்பர் இந்த நகரத்தில் முப்பது வருடம் வாழ்ந்தும் லீஃப்ஸ் அணியை அதன் சொந்த அரங்கில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பஃபலோவுக்கு பஸ்ஸில் போய் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். அங்கும் ரொறன்ரோ வரும் ஆட்டத்துக்கு விலை கூட்டித்தான் வைப்பார்கள். தடுப்பது ஒரு முறை, கறப்பது இன்னொரு முறை. ஆயினும் ரொறன்ரோ விலையோடு பார்க்க அது மலிவு. எம்மவரில் ஒருவருக்கு அதுவும் இல்லை. நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டோடு பஃபலோ பாலத்தைத் தாண்ட அமெரிக்க விசா வேண்டும். அவருக்கு லீஃப்ஸ் என்பது மோர்னிங்சைட்டில் தொடர்மாடியின் ஒன்பதாம் தட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே.

ஆக, சொந்த ஊரில் விலையால் வெளியே, அடுத்த ஊரில் முகவரியால் வெளியே. எந்த அரங்கிலும் விருந்தாளியாகவும் ஆகமுடியாத, வீட்டுக்காரனாகவும் ஆகமுடியாத ஒருவன். அகதி இலக்கியம் பற்றிக் கருத்தரங்கு வைக்கும் நாம் இவனை அடையாளம் காணத் தவறக்கூடாது.

முகவரி கேட்கும் இந்தக் கழகங்களின் சொந்த முகவரி என்ன என்பதையும் கேட்டுவைக்கலாம். கியூபெக் நகரத்தின் ஹொக்கி அணி 1995இல் டென்வருக்குப் போனது. வினிப்பெக் அணி 1996இல் பீனிக்ஸ் போனது. வன்கூவரின் கூடைப்பந்து அணி 2001இல் மெம்பிஸ் போனது. மொன்றியலின் பேஸ்போல் அணி 2004 பருவம் முடிந்ததும் வாஷிங்ரனுக்குப் போனது. முகவரி பார்த்து ரிக்கற் விற்ற அதே சியாற்றில் நகரத்தின் கூடைப்பந்து அணி 2008இல் ஒக்லஹோமாவுக்குப் போய்விட்டது. இலாபம் கூடிய இடத்துக்கு மூலதனம் இடம்பெயரும். அதற்கு விசா கிடையாது. ஆதரவாளன் மட்டும் தன் முகவரியில் அசையாதிருந்து விசுவாசத்தை நிரூபிக்க வேண்டும்.

'எங்கள் வீடு' என்று கூச்சலிடப்படும் கட்டிடம் யாருடையது? இன்று றொஜேர்ஸ் சென்ரர் எனப்படும் அரங்கு 1989இல் 'ஸ்கைடோம்' என்ற பெயரில் 50 கோடி டொலருக்கு மேல் செலவிட்டுத் திறக்கப்பட்டது. அதில் பெரும் பங்கு பொதுப் பணம். 2004இல் றொஜேர்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ இரண்டரைக் கோடி டொலருக்கு வாங்கியது. பொதுமக்கள் கட்டிய வீட்டை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கி, அந்த வீட்டுக்குள் யார் வரலாம் என்று முகவரி கேட்கிறது. 'எங்கள் வீடு' என்ற உணர்வு உண்மையானது. உரித்துப் பத்திரம்தான் எங்களிடம் இல்லை.

5

எதிர்த்தரப்பு வாதங்களைக் கேளாது விடுவது நேர்மையன்று. அவை இரண்டு.

முதலாவது, உள்ளூர் ஆதரவாளரின் உரிமை. அணி தோற்றுக்கொண்டிருந்த வருடங்களில் அரைவாசி வெறுமையாக இருந்த அரங்கில் குந்தியிருந்தவன் அவன். வெல்லும் நாளில் பெரிய நகரத்தின் பணம் வந்து அவனுடைய ஆசனத்தைப் பிடுங்கிக்கொள்ளலாமா? இது நியாயமான கேள்வி. ரொறன்ரோக்காரர் சன்றைசுக்கோ ஒட்டாவாவுக்கோ கூட்டமாகப் போய் அந்த அரங்கைத் தம்முடையதாக்கி ஆர்ப்பரிப்பதில் ஒரு மேலாதிக்கத் தோரணை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா விருந்தாளியும் எளியவனல்ல. ஆனால் இதற்குரிய பரிகாரம் பங்கீடு. உள்ளூரவருக்கு முதல் உரிமை கொடுங்கள், பத்தில் ஒன்பது பங்கைக்கூடக் கொடுங்கள். வந்தவனுக்கு ஒரு மூலையை ஒதுக்குவதற்கும் வாசலையே மூடுவதற்கும் இடையில் இருப்பது அளவு வேறுபாடு அல்ல, தன்மை வேறுபாடு.

ஐரோப்பாவில் இது ஒரு விதியாகவே இருக்கிறது. யூஃபா நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிகளில் வருகை தரும் அணியின் ஆதரவாளருக்கு அரங்கின் ஐந்து வீதமாவது ஒதுக்கப்பட வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 3,000 ஆசனங்கள் அல்லது அரங்கின் பத்து வீதம், இரண்டில் எது குறைவோ அது. 2016இலிருந்து அந்த ஆசனத்தின் விலை 30 பவுணைத் தாண்டக்கூடாது. ஆதரவாளர் அமைப்புகள் நெடுங்காலம் போராடிப் பெற்றது இந்த விலைக் கட்டுப்பாடு. அங்கே விருந்தாளி ஆட்டத்தின் ஓர் அங்கம், அவனுக்கு ஓர் உரிமை. வட அமெரிக்காவில் அவன் விற்பனையில் ஏற்பட்ட ஓர் ஒழுக்கு, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. ஹொக்கியிலும் பேஸ்போலிலும் இது பெரிதாக எழுவதில்லை, ஆனால் உதைபந்தாட்ட உலகில் இதுவே முதல் வாதம். கிளாஸ்கோவில் றேஞ்சர்ஸ் கழகம் 2018இல் செல்ரிக் ஆதரவாளருக்கான ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களை எண்ணூறு அளவுக்குக் குறைத்தது. செல்ரிக்கும் பதிலுக்குக் குறைத்தது. பின்னர் ஒரு பக்கத்தார் மட்டுமே இருந்து பார்க்கும் நிலை வந்தது. 2025 ஜனவரியில்தான் அந்த ஐந்து வீத அளவு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க ஏழைகளிடையே பிறந்த கழகம் செல்ரிக் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்ஜென்ரீனாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2013 ஜூனில் லா பிளாற்றா நகரில் வெளியூர் அணியின் ஆதரவாளர் ஒருவர் இறந்தார். அவரைக் கொன்றது பொலிசாரின் இறப்பர் குண்டு. தண்டிக்கப்பட்டவர்கள் வெளியூர் ஆதரவாளர்கள். நாடு முழுவதும் அவர்கள் அரங்குகளுக்கு வருவது தடுக்கப்பட்டது. பல வருடங்கள் அந்தத் தடை நீடித்தது. அதனால் வன்முறை ஒழிந்ததா? 2017 ஏப்பிரலில் கோர்டோபா நகரில், ஒரே அணியின் ஆதரவாளர் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த ஓர் ஆட்டத்தில், "இவன் மற்றப் பக்கத்தான்" என்று ஒருவன் கத்தினான். சுட்டிக்காட்டப்பட்ட இளைஞன் அடிக்கப்பட்டுப் படிவரிசையின் விளிம்பிலிருந்து தள்ளி விழுத்தப்பட்டு இறந்தான். அவன் மற்றப் பக்கத்தானும் அல்ல. அதே அணியின் ஆதரவாளன்.

இந்தச் செய்தியை வாசித்தபோது அது எமது கதைபோல எனக்குப் பட்டது. மற்றப் பக்கத்தான் கண்ணெதிரே, தன் மூலையில், தன் சட்டையோடு உட்கார்ந்திருக்கும்வரை அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனை முற்றாக வெளியேற்றிவிட்டால் தேடல் உள்ளே திரும்புகிறது. பக்கத்தில் இருப்பவன் போதிய அளவு கத்துகிறானா, சரியான இடத்தில் கைதட்டினானா என்று பார்க்கத் தொடங்குகிறோம். வெளியாள் இல்லாத இடத்தில் துரோகி தேடப்படுகிறான். இந்த வாக்கியத்துக்கு இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. எம்மில் பலர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு அரசு மாத்திரம் காரணமல்ல.

6

தமிழர் என்ற வகையில் எமக்கு இதில் இரண்டு நினைவுகள் உண்டு. இரண்டும் சென்னையைச் சேர்ந்தவை. ஒன்று பெருமைக்குரியது. மற்றது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1999 ஜனவரி 31. சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான டெஸ்ட். அந்தச் சுற்றுப்பயணம் நடக்கக்கூடாதென்று அம்மாதமே டில்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர் கிண்டிப் போட்டிருந்தார்கள். சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களால் தோற்றது. ஒரு கணம் மௌனம். பின் அந்தக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அணியினர் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். விருந்தணியின் ஆதரவாளர்கள் வரமுடியாத ஓரிடத்தில் உள்ளூர்க்காரரே அவர்களுக்காக எழுந்து நின்ற ஒரு மாலை அது. 2023 ஒக்ரோபரில் அகமதாபாத்தில் இலட்சம் பேர் கூடிய உலகக் கிண்ண ஆட்டத்துக்குப் பாகிஸ்தானிலிருந்து ஆதரவாளர்களுக்கு விசாவே கிடைக்கவில்லை. அங்கே வந்த அணிக்காக யாரும் எழுந்து நிற்கவுமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சென்னை மாலையின் பெறுமதி விளங்கும்.

மற்ற நினைவு 2012 செப்ரெம்பர். இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்திருந்த பாடசாலை உதைபந்தாட்ட அணியினரைத் தமிழக அரசு திருப்பி அனுப்பியது. மைதானத்தில் விளையாட அனுமதித்த அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். வந்தவர்கள் பிள்ளைகள். அடுத்த வருடம் மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதா, இலங்கை வீரரோ நடுவரோ அலுவலரோ வராவிட்டால்தான் ஐ.பி.எல். ஆட்டங்கள் சென்னையில் நடக்கலாம் என்றார். நிர்வாகம் தலையாட்டியது. முள்ளிவாய்க்காலுக்கு நான்கு வருடங்களின் பின், மாணவர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கோபம் நியாயமானது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஓர் அரசைப் புறக்கணிப்பதும் ஓர் அரசியல் கருவியே. தென்னாபிரிக்காவுக்கெதிராக உலகம் அதைப் பயன்படுத்தியது.

ஆனால் பதிலியாக முகவரியை வைத்தால் என்ன நடக்கும் என்பதை இங்கும் பாருங்கள். இலங்கை முகவரி என்ற வலையில் அகப்பட்டவர்களில் ஒருவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த, மலையகத் தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்த, சென்னையில் பெண் எடுத்த, மூன்று பருவங்கள் சென்னை அணிக்காகவே பந்து வீசிய மனிதர். முரளியின் அரசியல் பேச்சுகள் பற்றி என்னிடம் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் அவர் தடுக்கப்பட்டது அந்தப் பேச்சுகளுக்காக அல்ல, கடவுச்சீட்டுக்காக. தமிழருக்காக விதிக்கப்பட்ட தடை, இலங்கை கண்ட மிகச் சிறந்த பந்துவீச்சாளனான ஒரு தமிழனைத் தமிழரின் தலைநகரில் பந்து வீச முடியாமற் செய்தது. புறக்கணிப்பு ஓர் அரசை நோக்கியதாக இருந்தால், அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் அந்த அரசின் எந்தத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள்? அன்று ரொறன்ரோவில் கைதட்டியவர்கள், பத்து வருடம் கழித்துப் புளோரிடாவின் அறிவித்தலைப் பார்த்துக் கொதித்தார்கள். இந்த முரண்பாடு தனிமனிதரின் போலித்தனம் அல்ல. அது எமது அரசியல் சிந்தனையில் இன்னும் தீர்க்கப்படாத ஒரு கணக்கு.

7

ஒரு விளையாட்டு விளையாட்டாக இருப்பதற்கு எதிரணி தேவை. இதை யாரும் மறுக்கமாட்டார்கள். எதிரணி இல்லாவிட்டால் அது பயிற்சி. ஆனால் எதிரணியின் ஆதரவாளனும் தேவை என்பதை இலகுவில் மறந்துவிடுகிறோம். எமது அணி பந்தை வலைக்குள் அடிக்கும்போது எழும் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மூலை மௌனமாக இருக்கிறதே, அந்த மௌனம்தான் அதை ஆட்டமாக்குகிறது. அந்த மூலையையும் எமது ஆட்களால் நிரப்பிவிட்டால் மிஞ்சுவது பொதுக்கூட்டம். பொதுக்கூட்டங்களை நாம் போதியளவு பார்த்துவிட்டோம். அங்கே முடிவு முன்னரே தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டுவார்கள், கைதட்டாதவன் கவனிக்கப்படுவான்.

ஆகவே நடைமுறைக் கோரிக்கை ஒன்று. இது கனேடிய அணிகளையும் அமெரிக்க அணிகளையும் ஒருங்கே நோக்கியது. வரும் அணியின் ஆதரவாளருக்கு நூற்றுக்கு ஐந்து இடம், முகவிலையில், முகவரி கேளாமல். பொதுப் பணம் ஒரு டொலராவது போன அரங்குகளுக்கேனும் நகரசபைகள் இதை நிபந்தனையாக்கலாம். புதிய அரங்கு வேண்டும், வரிச் சலுகை வேண்டும் என்று கழக உரிமையாளர்கள் வந்து நிற்கும் நாட்களில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் கேள்வியை அவர்களோடு நிறுத்திக்கொண்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஸ்காபரோவில் கோடை தோறும் எமது பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் நடத்தும் சுற்றுப்போட்டிகள் இருக்கின்றன. எமது மண்டபங்களும் புத்தக வெளியீடுகளும் நினைவுதினங்களும் இருக்கின்றன. அவற்றில் மற்றப் பக்கத்தானுக்கென்று ஒதுக்கப்பட்ட மூலை எங்கே? மற்ற இயக்கத்தின் முன்னாள் போராளி, 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம், கேள்வி கேட்கவென்றே வரும் ஒரு சிங்கள மாணவன், இவர்கள் வந்து தம் சட்டையோடு உட்காரலாமா? கைதட்டாமல் இருக்கலாமா? நாம் யாரையும் கடனட்டை கேட்டுத் தடுப்பதில்லை என்பது உண்மை. எமது வாசலில் நிற்பவர் சிரித்த முகத்தோடு, "தம்பி எவடம்?" என்று மட்டும்தான் கேட்கிறார்.